தகரத்துக்குக் கீழ இருக்கிற தேனீப் பெட்டி மட்டும் சோர்ந்து போகுது, ஏன்?

குச்சவெளியான்:
எல்லாருக்கும் வணக்கம். நாட்டுத் தேனீ ரெண்டு பெட்டி வச்சிருக்கிறன். கச்சான் காத்து தொடங்கினதிலிருந்து ஒரு பெட்டி சரியில்ல, வாசல் பலகையில எச்சம் மஞ்சளும் கபிலமுமா கோடு கோடா கிடக்கு, ஈக்கள் பறக்க ஏலாம மண்ணில ஊருது. அது தகரத்துக்குக் கீழ இருக்கு. வேப்பமரத்துக்குக் கீழ இருக்கிற மற்றப் பெட்டி நல்லா இருக்கு. தெரிஞ்ச ஒராள் சீனிப்பாணியில ஆன்டிபயோட்டிக் கெப்சூல் உடைச்சுப் போடச் சொல்றார். போடலாமா? இருக்கிற இடத்தால தேனீட வயித்துக் கிருமியும் நோய் எதிர்ப்பும் மாறும் எண்டு வாசிச்சன், உண்மையா?

தம்பலகாமம்_தேன்:
தம்பி, கெப்சூல் மட்டும் போடாதீங்க. கூட்டுப்புழுவில இருந்து வெளிய வாற ஈக்கு வயித்தில கிருமி அனேகமா இல்ல, முதல் நாலஞ்சு நாளுக்குள்ள பெரிய ஈக்களோட நெருங்கிப் பழகி, அதுகள்ட எச்சம் பட்டுத்தான் ஸ்னோட்கிராசெல்லா, கில்லியமெல்லா, லாக்டோபசில்லஸ் எண்ட நல்ல கிருமியெல்லாம் குடிவருது. 2017ல டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில நான்சி மோரன்ட குழு பாத்ததில, இந்தக் கிருமி உள்ள ஈக்கள்ட உடம்பில எபிடேசின் எண்ட கிருமிகொல்லிப் புரதம் கூட இருந்திச்சு, ஊசியால ஏத்தின ஈகோலை எண்ட கிருமியையும் அதுகள் நல்லா அழிச்சுது. அதே வருஷம் டெட்ராசைக்ளின் எண்ட ஆன்டிபயோட்டிக் குடுத்துப் பாத்தாங்க, நல்ல கிருமி குறைஞ்சு ஈக்கள் கூடுதலாச் செத்துது, செராட்டியா எண்ட நோய்க்கிருமி தொத்தினா தாங்கவும் ஏலாமப் போச்சு. நல்லது செய்யிறம் எண்டு நினைச்சு அதுகள்ட காவலையே நாம எடுத்துவிடுறம், எனக்கு அதுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

மூதூர்_அக்கா:
தம்பலகாமத்துத் தம்பி சொன்னது சரி. ஆனா அந்த ஆராய்ச்சி ஐரோப்பியத் தேனீயில செஞ்சது, எங்கட ஈ வேற இனம், அதால அதில வாற எண்ணிக்கைகள அப்படியே எடுக்க வேணாம், கிருமிக் குடும்பம் பெரும்பாலும் ஒண்டுதான். ஆராய்ச்சிக்காகக் கூண்டில தனிய வளர்த்த ஈயும் பெட்டி ஈயும் ஒண்டில்ல எண்டதையும் யோசிக்கோணும், கூண்டில பெரிய ஈக்கள்ட சகவாசம் கிடைக்காட்டி கிருமி ஒழுங்காச் சேராது. கூட்டம் பிரிக்கேக்குள்ளயும் மூடின வதைய மட்டும் புதுப் பெட்டிக்குள்ள வைக்காம, புழுவுக்குப் பால் குடுக்கிற ஈக்களோட சேத்து வைங்க.

சூடுதான் உங்கட பெரிய பிரச்சினை எண்டு நினைக்கிறன். குஞ்சு இருக்கிற வதைய 33க்கும் 36 பாகை செல்சியசுக்கும் இடையில வச்சிருக்கோணும், தகரம் கொதிச்சா வேலைக்காரி எல்லாம் தண்ணி தூக்கவும் செட்டையடிக்கவும் போயிடும். கிடுகு போட்டு மறைங்க, பக்கத்தில கல்லுப் போட்ட தண்ணிச் சட்டி வைங்க.

குச்சவெளியான்:
நன்றி அக்கா. கிடுகு நாளைக்கே போடுறன். எச்சத்துக்கு என்ன செய்யிற?

மூதூர்_அக்கா:
எச்சமும் ஊருறதும் நொசிமா எண்ட வயித்து ஒட்டுண்ணி நோயா இருக்கலாம், மைக்ரோஸ்கோப்பில பாக்காமச் சொல்ல ஏலாது, டெட்ராசைக்ளின் அதுக்கு வேலை செய்யாது. வதையையும் ஒருக்காத் திறந்து பாருங்க, புழு செத்து, சாவணத்தால தூக்கேக்குள்ள தண்ணி நிறைஞ்ச பை மாதிரி வந்தா அது சாக்புரூட் வைரஸ், அதுக்கும் கெப்சூல் ஒண்டும் செய்யாது. அப்படி இருந்தா அந்தப் பெட்டி வதைய மற்றப் பெட்டிக்கு மாத்தாதீங்க. விவசாயப் போதனாசிரியரிட்டயும் ஒருக்காக் காட்டுங்க.