49 நாள் ஓடிவிட்டு அளவீட்டை நிறுத்தும் கருவி: ஃப்ரீஆர்டிஓஎஸ் பழைய பதிப்பு, உதவி தேவை

கிணற்றுத்தவளை:
வணக்கம். ஆழ்துளைக் கிணற்றில் நீர்மட்டம் அளக்கும் ஒரு கருவியின் மென்பொருள் நான்கு மாதம் முன்பு என் தலையில் வந்து விழுந்தது. எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். எஸ்டிஎம்32எல்1 சிப், ஃப்ரீஆர்டிஓஎஸ் 8.2.3 (சிறு சிப்புகளுக்கான இயங்குதளம்), நொடிக்கு 1,000 டிக் (அதன் கடிகாரத் துடிப்பு). 15 நிமிடத்துக்கு ஒரு முறை அளந்து, மணிக்கு ஒரு முறை மோடத்தை எழுப்பி அனுப்ப வேண்டும். மற்ற நேரமெல்லாம் தூக்கம்.

மொத்தம் 12 கருவிகள். ஏழு வாரம் ஒழுங்காக ஓடுகின்றன, அப்புறம் ஒவ்வொன்றாக அளவீட்டை நிறுத்திவிடுகின்றன. பேட்டரியைக் கழற்றி மாட்டினால் புதிது போல ஓடும். வாட்ச்டாக் (அவ்வப்போது தட்டாவிட்டால் சிப்பை ரீசெட் செய்யும் காவல் டைமர்) போட்டிருக்கிறது, ஆனால் ரீசெட் ஆவதே இல்லை. பேட்டரி மாற்றிப் பார்த்தேன், மின்னழுத்தம் பார்த்தேன், எல்லாம் சரி. ஒரே ஒரு கருவி மட்டும் இதுவரை நிற்கவில்லை.

கெர்னலை, அதாவது ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸின் மையப் பகுதியை, புதிய பதிப்புக்கு மாற்றினால் சரியாகிவிடுமா? இதில் ஒரு சிக்கல்: முன்னவர் கெர்னல் கோப்புகளுக்குள்ளேயே கை வைத்திருக்கிறார். எங்கே, எதற்கு என்று ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை.

மூன்றாம்மாடி:
வெயிலில் இருக்கிறதா? மூடிக்குள் 60 டிகிரி ஏறினால் எதுவும் தொங்கும். பெட்டிக்கு மேலே ஒரு தகரம் போட்டுப் பாருங்கள்.

பழையசாலிடர்:
வெயிலுக்கு ஏழு வாரக் கணக்கெல்லாம் தெரியாது.

தம்பி, "ஏழு வாரம்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். பதிவுகளில் சரியான நேரம் இருக்குமே, எடுத்துப் போடுங்கள். 32 பிட் எண்ணி மில்லிநொடிக்கு ஒன்றாக ஏறினால் 49 நாள் 17 மணி 2 நிமிடம் 47 நொடியில் நிரம்பிச் சுழியத்துக்குத் திரும்பும். விண்டோஸ் 95 தொங்கியதும் இதே கணக்கில்தான். போயிங் 787 விமானத்தின் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு 2015-ல் எச்சரிக்கை வந்ததே, அது 248 நாள். இதற்கு அண்ணன் முறை.

இன்னொரு கேள்வி: நின்ற கருவி செத்துக் கிடக்கிறதா, இல்லை பாதி உயிரோடு இருக்கிறதா?

கிணற்றுத்தவளை:
சார், பார்த்தேன். நின்ற 11 கருவிகளிலும் கடைசி அளவீடு 49 நாள் 16 மணி 50 நிமிடத்துக்கு மேல்தான். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

செத்துப்போகவில்லை. சர்வீஸ் கேபிளைச் செருகிக் கேட்டால் உடனே பதில் சொல்கிறது. சொல்லும் நீர்மட்டம்தான் பழையது.

எண்ணி சுழியத்துக்குத் திரும்புவதை ஃப்ரீஆர்டிஓஎஸ் பார்த்துக்கொள்ளாதா?

பழையசாலிடர்:
நன்றாகவே பார்த்துக்கொள்ளும். அதற்காகத்தான் நேரம் பார்த்து எழக் காத்திருக்கும் டாஸ்க்குகளின் (தனித்தனி வேலைகளின்) தாமதப் பட்டியலை ஒன்றுக்கு இரண்டாக வைத்திருக்கிறார்கள். எழ வேண்டிய நேரம் இந்தச் சுற்றுக்குள் வந்தால் டாஸ்க் முதல் பட்டியலில் போகும். எண்ணி திரும்பிய பிறகுதான் எழ வேண்டும் என்றால் இரண்டாவதில் போகும். எண்ணி சுழியத்தைத் தொடும் டிக்கில் இரண்டும் இடம் மாறும்.

கேபிளுக்குப் பதில் வருகிறது என்கிறீர்களே, அந்த டாஸ்க் காலக்கெடு இல்லாமல் கியூவில் (செய்தி வரிசையில்) காத்திருப்பது. அது தாமதப் பட்டியலிலேயே இருக்காது, அதனால் தப்பித்துவிட்டது. நேரம் பார்த்து எழ வேண்டியவைதான் மாட்டிக்கொண்டன. ஆக, பட்டியல் இடம் மாறவில்லை. அசல் 8.2.3-ல் இது நடக்காது, உங்களிடம் இருப்பது அசல் இல்லை. அசலோடு ஒப்பிட்டு டிஃப் போடுங்கள்.

பதிப்பை மாற்றுவது அப்புறம். என்ன நோய் என்று தெரியாமல் வீடு மாற்றினால் நோயும் கூடவே வரும்.

கிணற்றுத்தவளை:
டிஃப் போட்டேன். 6,000 வரிக்கு மேல் வித்தியாசம் காட்டுகிறது. முன்னவர் கெர்னல் முழுவதையும் தன் ஃபார்மட்டரில் (நிரல் வரிகளின் தோற்றத்தை ஒழுங்குபடுத்தும் மென்பொருளில்) ஓட்டியிருக்கிறார். டேப் எல்லாம் ஸ்பேஸ் ஆகி, அடைப்புக்குறிகள் இடம் மாறி, வரிகள் உடைந்து கிடக்கின்றன. வெற்றிடத்தைப் புறக்கணிக்கச் சொல்லியும் பெரிதாகக் குறையவில்லை.

நள்ளிரவுடீபக்:
அவர் ஃபார்மட்டர் அமைப்புக் கோப்பு ரெப்போவில் (நிரல் களஞ்சியத்தில்) கிடக்கும், தேடுங்கள். அசல் 8.2.3-ஐ இறக்கி, அதையும் அதே அமைப்பில் ஓட்டுங்கள். இரண்டுக்கும் ஒரே அழுக்குப் படிந்த பிறகு டிஃப் எடுத்தால் உண்மையான மாற்றம் மட்டும் மிஞ்சும்.

அடுத்தவர் கெர்னலை அழகுபடுத்துகிறவர்களுக்கு என்ன தண்டனை கொடுக்கலாம் என்று தனி இழையே போடலாம்.

கிணற்றுத்தவளை:
மிஞ்சியது 41 வரி! மூன்று கோப்புகள். இரண்டில் பிழைத்திருத்தச் செய்திகள்தான். மூன்றாவது டாஸ்க்ஸ்.சி. அதன் கடைசியில் புதிதாக ஒரு ஃபங்ஷன் சேர்த்திருக்கிறார். வேலை இல்லாத நேரத்தில் கெர்னல் கூப்பிடும் ஐடில் ஹுக்கில் சிப்பை 10 நொடி ஆழ்தூக்கத்தில் போடுகிறார். எழுந்ததும் இந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டு, டிக் எண்ணியோடு நேரடியாக 10,000-ஐக் கூட்டுகிறார். அவ்வளவுதான். வாட்ச்டாக்கைத் தட்டுவதும் அதே ஐடில் ஹுக்கில்.

பழையசாலிடர்:
பிடித்துவிட்டீர்கள். டிக் வரும்போது கெர்னல் கேட்பது "எண்ணி சுழியத்துக்குச் சமமா" என்று மட்டும்தான். இவர் 10,000-ஐ ஒரே தாவாகத் தாவுகிறார். சுழியத்துக்கு 3,000 முன்னால் தூங்கினால், எழும்போது 7,000-ல் நிற்கும். சுழியத்தை மிதிக்கவே இல்லை, பட்டியலும் மாறவில்லை. அளவீட்டு டாஸ்க் எழ இன்னும் 49 நாள் காத்திருக்க வேண்டும்.

நிற்காத அந்த ஒரு கருவி சுழியம் வந்த நேரத்தில் மோடம் போட்டு விழித்திருந்திருக்கும். ஐடில் டாஸ்க் எப்போதும் ஓடும் என்பதால் வாட்ச்டாக்கும் வாயைத் திறக்கவில்லை. ஐடிலில் வாட்ச்டாக்கைத் தட்டுவது, வீடு எரியும்போது காவல்காரன் உள்ளே உட்கார்ந்து "எல்லாம் நலம்" என்று கடிதம் எழுதுகிற கதை.

49 நாள் காத்திருக்க வேண்டாம். எண்ணியின் தொடக்க மதிப்பை உச்சத்துக்கு 60,000 கீழே வையுங்கள், அதாவது 4,29,49,07,295. அளவீட்டு இடைவெளியை 20 நொடியாக்குங்கள். ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கிணற்றுத்தவளை:
வைத்தேன், சார். ஒன்றும் ஆகவில்லை. அளவீட்டுக்கு ஒரு முறை மின்னும் எல்இடி அரை மணி நேரமாக மின்னிக்கொண்டே இருக்கிறது. அப்படியானால் காரணம் இது இல்லையா?

நள்ளிரவுடீபக்:
மாறியை அறிவிக்கும் இடத்தில் மட்டும் மாற்றியிருப்பீர்கள். பழைய பதிப்பில் டாஸ்க்குகளை ஓட்டும் ஷெட்யூலரைத் தொடங்கும் ஃபங்ஷனுக்குள் எண்ணியைத் திரும்பவும் சுழியமாக்கும் ஒரு வரி இருக்கிறது. அங்கேயும் மாற்றுங்கள். புதிய பதிப்புகளில் இந்தச் சோதனைக்கென்றே கான்ஃபிக் கோப்பில் தொடக்க டிக் என்று ஓர் அமைப்பு உண்டு.

கிணற்றுத்தவளை:
இப்போது ஐந்து முறை ஓட்டினேன். ஐந்திலும் ஒரு நிமிடத்தில் எல்இடி நின்றது, கேபிள் மட்டும் பதில் சொல்கிறது. தூங்கவே விடாமல் ஓட்டினால் நிற்பதில்லை. நான்கு மாதமாகத் தேடியது என் மேசை மேல் ஒரு நிமிடத்தில் நடக்கிறது!

அவர் ஃபங்ஷனிலேயே, கூட்டிய மதிப்பு பழையதைவிடச் சிறியதாக இருந்தால் பட்டியல்களை மாற்று என்று ஒரு வரி சேர்த்துவிடட்டுமா?

பழையசாலிடர்:
வேண்டாம். மாற்றும் நேரத்தில் முதல் பட்டியல் காலியாக இருக்க வேண்டும். அசலில் அதற்கு ஓர் அசெர்ட்டே (சரிபார்ப்பு வரியே) இருக்கிறது. தாவலுக்கு நடுவே எழ வேண்டியவர்கள் இன்னும் அதில் படுத்திருப்பார்கள், அவர்களையும் சேர்த்து அடுத்த சுற்றுக்குத் தள்ளிவிடுவீர்கள்.

அவர் ஃபங்ஷனை அழித்துவிடுங்கள். டிக்கை நிறுத்தித் தூங்கக் கெர்னலே தரும் டிக்லெஸ் ஐடில் அமைப்பை 2 என்று வைத்தால், தூங்கும் ஃபங்ஷனை நாமே எழுதலாம். எவ்வளவு டிக் தூங்கலாம் என்று கெர்னலே சொல்லும். அடுத்த டாஸ்க் எழும் நேரத்தைத் தாண்டி அது சொல்லாது, அந்த நேரம் எண்ணியின் உச்சத்தைத் தாண்டாது, அதனால் தூக்கத்தில் சுழியத்தைக் கடக்க வழியே இல்லை. அந்த அளவு, 10 நொடி, இரண்டில் எது சிறியதோ அவ்வளவு தூங்குங்கள். எழுந்ததும் உண்மையில் போன நேரத்தை ஆர்டிசியில் (தூக்கத்திலும் ஓடும் கடிகாரத்தில்) படித்து, விடாஸ்க்ஸ்டெப்டிக் என்ற கெர்னல் ஃபங்ஷன் வழியாகச் சொல்லுங்கள். கேபிள் செருகினால் பாதியில் எழுவீர்கள், கண்ணை மூடிக்கொண்டு 10,000 கூட்டக் கூடாது.

வாட்ச்டாக்கைத் தட்டும் வேலையைத் தனி டாஸ்க்குக்குக் கொடுங்கள். மற்ற டாஸ்க்குகள் கையெழுத்துப் போட்டால்தான் அது தட்ட வேண்டும். ஆழ்தூக்கத்திலும் அந்த வாட்ச்டாக் ஓடும் என்பதை மறக்காதீர்கள்.

நள்ளிரவுடீபக்:
பதிப்பு பற்றிக் கேட்டீர்களே. மேலே சொன்னபடி செய்தால் உங்கள் கெர்னலில் அசலுக்கு மேல் எதுவும் மிஞ்சாது, அப்போது மாற்றுவது சுலபம். 2017-ல் வந்த 10-ம் பதிப்பிலிருந்து எம்ஐடி உரிமம், அதற்கு முன் மாற்றியமைத்த ஜிபிஎல். அதற்காகவே மாறலாம். கிட் (Git) ரெப்போவில் அசலுக்கென்று ஒரு கிளை வையுங்கள், அதில் யாரும் கை வைக்கக் கூடாது. மாற்றம் தேவைப்பட்டால் வேறு கிளையில், காரணத்தோடு ஒரு கமிட். ஃபார்மட்டருக்கு அந்த அடைவைக் காட்டவே காட்டாதீர்கள்.

கிணற்றுத்தவளை:
செய்தாயிற்று. டிக்லெஸ் வழியில் நேற்று இரவு முழுவதும், இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை தானாக ரீசெட் ஆகி எண்ணி திரும்பும்படி விட்டேன். காலையில் 290 சுற்று, ஒன்றிலும் நிற்கவில்லை. கெர்னல் கோப்புகளை அசலாக்கிவிட்டேன், டிஃப் காலி. 10-ம் பதிப்புக்கு மாற்றுவது அடுத்த மாதம்.

இந்தக் கருவிகளைத் தொலைவிலிருந்து புதுப்பிக்க முடியாது. கடைசியாக எப்போது தொடங்கின என்று 12-க்கும் பட்டியல் போட்டேன். முதலில் கெடு வருவது வருகிற வியாழன் காலை 6:40-க்கு. புதன் மதியமே லேப்டாப்போடு அந்தக் கிணற்றடியில் இருப்பேன்.

மூன்றாம்மாடி:
போகும்போது ஒரு தகரமும் எடுத்துக்கொண்டு போங்கள். லேப்டாப்புக்கு.