மகளின் குரலையும் நினைவுகளையும் சேர்க்க வழி சொல்லுங்கள்

எங்கள் மகள் போய் ஐந்து மாதம் ஆகிறது. 19 வயது.

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணும் இருந்தார். பார்வையற்ற அவருக்காக என் மகள் இரண்டு வருடமாகப் பாடப் புத்தகங்களை வாசித்து, பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறாள். எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. (ராத்திரியில் யாரோடு பேச்சு என்று நான் திட்டியதுகூட உண்டு.) அன்றுதான் நானும் கணவரும் முதல்முறையாக அவளைப் பற்றிச் சிரித்துப் பேசினோம்.

அந்தக் குரல் பதிவுகளை மொத்தமாக எப்படி வாங்குவது? வாட்ஸ்அப் உரையாடலை மீடியாவோடு ஏற்றுமதி செய்தால் பழையது முழுவதும் வருவதில்லை. 120 நாள் பயன்படுத்தாத கணக்கை வாட்ஸ்அப் பொதுவாக நீக்கிவிடும் என்பதால் அவள் போனை அவ்வப்போது திறந்து வைக்கிறோம்.

அப்புறம், அவளுடைய தோழிகளிடம் இப்படி நினைவில் இருப்பதை எழுதித் தரச் சொல்லலாமா? அவர்களும் சின்னப் பிள்ளைகள், அவர்களுக்கும் துக்கம்தான். இப்படிக் கேட்டுப் பார்த்த பெற்றோர் யாராவது இருந்தால், எந்த வார்த்தைகளில் கேட்டீர்கள் என்று சொல்லுங்கள்.