கழுத்துவரை கடன்: டெட் ரிவியூ போய் வந்தவங்க உங்க அனுபவத்தை எழுதுங்க

சாட்ஸ்வொர்த் அக்கா

இங்கே தென்னாப்பிரிக்காவில் டெட் ரிவியூன்னா, கடன் கட்ட முடியாம தவிக்கிறவங்களுக்கு ஒரு கவுன்சலர் மூலமா தவணையைத் திருத்தி அமைக்கிற சட்ட வழி. வீட்டு லோன் தவிர எங்க குடும்பக் கடனெல்லாம் ஒருவழியா அடைஞ்சு, ரிவியூ முடிஞ்சதுக்கான கிளியரன்ஸ் சர்டிபிகேட் கைக்கு வந்தாச்சு. எப்படி முடிச்சீங்கன்னு கேக்கிறவங்க அதிகமாயிட்டாங்க. ஒவ்வொருத்தருக்கும் போனில் சொல்லி மாளலை, அதான் இங்கே எழுதறேன். உங்க கதையையும் கீழே போடுங்க.

கடன் வந்த வழி எல்லார் வீட்டுக்கதைதான். 2020ல் வட்டி தரையில் கிடந்தப்போ வீடு வாங்கினோம். பேங்குங்க அடிப்படையா வெச்சுக்கிற பிரைம் வட்டி 7 சதவீதம், எட்டு லட்சம் ரேண்ட் பாண்டுக்கு, அதாவது வீட்டு அடமான லோனுக்கு, மாசம் 6,200 பக்கம் தவணை. 2023 மே மாசம் பிரைம் 11.75. தவணை 8,400ஐ தொட்டுடுச்சு. நடுவிலே 2022 ஏப்ரல் வெள்ளம். டர்பன் இசிபிங்கோ பக்கம் எங்க வீட்டுக்காரர் வேலை பார்த்த கிடங்குக்குள்ளே தண்ணி புகுந்து, சில மாசத்தில் ஆளைக் குறைச்சுட்டாங்க. நான் பள்ளிக்கூடத்தில் கிளார்க். ஒரு சம்பளத்தில் பாண்ட், கார், ரெண்டு துணிக்கடை அக்கவுண்ட், பர்னிச்சர் தவணை, ரெண்டு பர்சனல் லோன்.

இருபது தேதிக்கு மேல கையில் ஒண்ணும் நிக்காது. குறுகிய கால லோன்காரங்க அப்போதான் கண்ணில் படுவாங்க. சட்டம் அனுமதிச்ச கணக்கையே பாருங்க. 4,000 வாங்கினா தொடக்கக் கட்டணம் 465 வரைக்கும், சேவைக் கட்டணம் 60, மாச வட்டி 5 சதவீதம்னா 200. கட்டணத்துக்கு வாட் வேற. முப்பது நாள் கழிச்சு 4,800 பக்கம் வைக்கணும். அதை வெச்சதும் அந்த மாசச் சம்பளத்தில் 4,800 ஓட்டை. மறுபடி அதே கடை வாசல்.

இதுக்கு நடுவில் ஒரு ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்காரர் மூணு மாச பேங்க் ஸ்டேட்மென்டையும் எல்லா லோன் தாளையும் சாப்பாட்டு மேசையில் பரப்பினார். வீடு மீண்டது அந்தத் தாள்களாலேதான், அதனால இதைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

முதல்ல கண்ணில் பட்டது இறப்புச் செலவு பாலிசிங்க. மாமியார் பேரில் மூணு. ஒண்ணு அவர் எடுத்தது, ஒண்ணு நான் எடுத்தது, ஒண்ணு பேங்க் கணக்கு திறந்தப்போ தலையில் கட்டினது. மூணுக்கும் மாசாமாசம் டெபிட் ஆர்டர். "ஏண்டா, என்னை மூணு தரம் எரிக்கப் போறீங்களா?"ன்னு கேட்டாங்க கிழவி. ஒண்ணை வெச்சுக்கிட்டு ரெண்டை நிறுத்தினோம். எதை நிறுத்தலாம்னு பார்க்கிறப்போ காத்திருப்புக் காலம் முடிஞ்ச பழைய பாலிசியை வெச்சுக்கோங்க, புதுசைத் தூக்குங்க.

அடுத்தது பர்சனல் லோன் தாள். நாலாவது பக்கத்தில் பொடி எழுத்தில் "கிரெடிட் லைஃப்" இன்சூரன்ஸ். தவணையோட சேர்த்து அதுக்கும் மாசாமாசம் கட்டிக்கிட்டுத்தான் இருந்திருக்கோம். 2017 ஆகஸ்டிலிருந்து இதுக்கு ஒழுங்குமுறை இருக்கு. அடமானமில்லாத லோனுக்கு ஆயிரம் ரேண்டுக்கு மாசம் 4.50க்கு மேல வாங்கக்கூடாது. சாவு, ஊனத்துக்கு மட்டுமில்லை, ஆட்குறைப்புக்கும் பொருந்தும். வேலை போனா பன்னிரண்டு மாசம் வரைக்கும், இல்லே வேற வேலை கிடைக்கிற வரைக்கும், தவணையை இன்சூரன்ஸ் கட்டணும். லோன் கொடுத்த இடத்தில் போன் போட்டா "அப்படி ஒண்ணும் இல்லையே"ன்னாங்க. பாலிசி நகலை எழுத்தில் கேட்டு, ஆட்குறைப்புக் கடிதத்தை வெச்சு அனுப்பினோம். கொஞ்ச நாள் இழுத்தடிச்சாங்க, அப்புறம் கட்டினாங்க. வேலை போனவங்க வேலையிழந்தோர் காப்பீட்டுக்காக யூ.ஐ.எஃப். ஆபீசுக்கு ஓடுறீங்க, சரி. அதே வாரத்தில் உங்க லோன் தாளையும் புரட்டுங்க.

இதெல்லாம் மூச்சு விடத்தான் ஆச்சு. கார், தவணைங்களுக்கு இன்னும் பத்தலை. காரை வித்துட்டோம். அப்புறம்தான் டெட் ரிவியூ.

நேஷனல் கிரெடிட் சட்டத்தில் 2007லிருந்து உள்ள வழி இது. விண்ணப்பக் கட்டணம் 50 ரேண்ட்தான். கவுன்சலர் அஞ்சு வேலை நாளுக்குள் எல்லாக் கடன்காரருக்கும் நம்ம கடன் வரலாற்றை வெச்சிருக்கிற கிரெடிட் பீரோவுக்கும் தகவல் சொல்லணும், முப்பது வேலை நாளுக்குள் உங்க கணக்கைப் பார்த்து முடிவு சொல்லணும். அப்புறம் புதுத் தவணைத் திட்டம் மேஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்கோ கன்சூமர் டிரிப்யூனலுக்கோ போய் உத்தரவாகும். எங்களுக்கு அடமானமில்லாத லோன்களில் வட்டியை நல்லாவே இறக்கினாங்க. பாண்டில் அவ்வளவா இறக்கலை. நாம கட்டுற மொத்தப் பணம் ஒரே இடத்துக்கு, அதாவது பதிவான பட்டுவாடா ஏஜென்சிக்குப் போகும், அவங்க பிரிச்சுக் கொடுப்பாங்க. கவுன்சலர் "என் சொந்தக் கணக்கில் போடுங்க"ன்னா எழுந்து வந்துடுங்க. அவர் பதிவு எண் என்.சி.ஆர்.டி.சி.ன்னு தொடங்கும், நேஷனல் கிரெடிட் ரெகுலேட்டர் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். தானா போன் பண்ணி "உங்க கடனைப் பாதியாக்கித் தர்றோம்"னு சொல்றவங்களை நான் நம்பலை, நீங்களும் நம்பாதீங்க.

யாரும் முன்கூட்டியே சொல்லாத விஷயம் ஒண்ணு இருக்கு. முதல் ஒண்ணு ரெண்டு மாசத் தவணை பெரும்பாலும் கவுன்சலர், வக்கீல் கட்டணத்துக்கே போயிடும். கடன்காரருக்கு ஒண்ணும் போகாததால அவங்க போன் நிக்காது, சொல்லப்போனா அதிகமாகும். அந்த நேரம்தான் பலபேர் பயந்து விட்டுட்டு ஓடுறாங்க. நான் ஒரே வரிதான் சொல்வேன்: "ரிவியூவில் இருக்கேன், கவுன்சலர் நம்பரை எழுதிக்கோங்க." வெச்சுடுவேன்.

அதோட, எங்க கல்யாணம் ஹோம் அஃபேர்ஸில் பதிவானது, தனியா ஒப்பந்தம் எழுதலை. அப்படின்னா சட்டப்படி சொத்தும் பொது, கடனும் பொது. ரெண்டு பேரும் சேர்ந்துதான் விண்ணப்பிக்கணும். புருஷன் பேரில் இருக்கிற கடன் தனக்கு இல்லைன்னு நினைச்சுக்கிட்டிருந்த என் தங்கச்சிக்கு இது அதிர்ச்சி.

ரிவியூ ஓடுற வரைக்கும் புதுக் கடன் ஒரு பைசா கிடைக்காது. பங்களாதேஷ் மார்க்கெட் காய்கறி, புரட்டாசி மாசம் கறிமீன் இல்லாத சமையல், பழைய யூனிஃபார்ம். தைப்பூசக் காவடி வேண்டுதலை விடலை, ஆனா ஊரைக் கூட்டிச் சாப்பாடு போடலை. "அன்னதானம் இல்லையா?"ன்னு முகத்துக்கு நேரே கேட்டார் ஒரு சொந்தக்காரர். எங்ககிட்ட 5,000 வாங்கிட்டு இன்னும் திருப்பாதவர் அவர்தான்.

டோங்காட் மருமகன்

அக்கா, பேங்க் கடனுக்காவது சட்டம் இருக்கு. எங்க அத்தை மாட்டினது மஷோனிசாகிட்டே, அதாவது பதிவில்லாத தெரு வட்டிக்காரன்கிட்டே. மருந்துக்குன்னு 1,000 வாங்கினாங்க, நூத்துக்கு ஐம்பது வட்டி. அந்த ஆள் அத்தையோட பென்ஷன் கார்டையும் பின் நம்பரையும் வாங்கி வெச்சுக்கிட்டான். மாசம் பிறந்தா அவனே எடுத்துக்கிட்டு மிச்சத்தைக் கையில் கொடுப்பான். மிச்சம் பத்தாது, திரும்ப அவன்கிட்டேயே கடன்.

விஷயம் எனக்குத் தெரிஞ்சதே தற்செயலாத்தான். வீட்டில் அரிசி வாங்கக் கார்டைக் கேட்டேன், "காணோம்"னாங்க. அடுத்த மாசமும் காணோம். கார்டையோ பின்னையோ பிடிச்சு வெச்சுக்கிறது அதே கிரெடிட் சட்டப்படி குற்றம்னு வக்கீல் உதவி மையத்தில் சொன்னாங்க. சண்டைக்குப் போகலை. பழைய கார்டை நிறுத்திப் புது கார்டு, புது பின் வாங்கினோம். அவன் வாசலில் வந்து கத்தினான். வாங்கின அசலைக் கணக்குப் போட்டு, இதுவரை எடுத்ததே மூணு மடங்குன்னு காட்டி, "போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து பேசலாமா அண்ணே?"ன்னு கேட்டேன். அப்புறம் வரலை. எல்லா ஊரிலும் இப்படிச் சுலபமா முடியாது, சில ஆளுங்க அடிதடிக்கு வருவாங்க, தனியாப் போய்ப் பேசாதீங்க.

லெனேசியா பெரியப்பா

பழைய கடனைப் பத்தி ரெண்டு வார்த்தை. துணிக்கடை அக்கவுண்ட் ஒண்ணை 2014ல் கட்டாம விட்டிருந்தேன். 2021ல் ஒரு வசூல் கம்பெனிப் பொண்ணு போன் பண்ணி, "தாத்தா, ஒரு 50 ரேண்டாவது போடுங்க, நல்லெண்ணத்துக்கு"ன்னு தேன் ஒழுகப் பேசிச்சு.

சாதாரணக் கடனுக்கு மூணு வருஷம் காலக்கெடு. அந்த மூணு வருஷத்தில் நீங்க ஒண்ணும் கட்டாம, கடன் உண்டுன்னு ஒத்துக்காம, சம்மனும் வராம இருந்தா அது காலாவதி. காலாவதியான கடனை விக்கிறதோ வசூலிக்கிறதோ கூடாதுன்னு 2015 மார்ச்சிலிருந்து சட்டத்திலேயே இருக்கு. கெடு முடியறதுக்கு முன்னே ஒத்துக்கிட்டா மூணு வருஷம் புதுசா ஓட ஆரம்பிக்கும், அதனாலதான் அந்த 50 ரேண்ட் வலை. "காலாவதி, எழுத்தில் பதில் போடுங்க"ன்னேன். போன் நின்னுடுச்சு. பாண்டுக்கும் கோர்ட் தீர்ப்பான கடனுக்கும் இது செல்லாது, அதுக்கு முப்பது வருஷம்.

இன்னொண்ணு. தவணை தவறின பிறகு வட்டி, கட்டணம் எல்லாம் சேர்ந்து, தவறின அன்னிக்கு நின்ன அசலைத் தாண்டி ஏறக் கூடாது. 6,000 நின்னுச்சுன்னா, எத்தனை வருஷம் ஆனாலும் மேலே 6,000தான். கணக்குத் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்க, பாதி வசூல்காரன் இதை மீறித்தான் கேக்கிறான்.

பீனிக்ஸ் தம்பி

நான் ரிவியூ போகலை. 2024 செப்டம்பர் 1ல் ஓய்வூதியப் பணத்தில் ரெண்டு பானை முறை வந்ததே, அதில் ஓய்வுக்கு முன்னேயே எடுத்துக்கலாம்னு விட்ட சேமிப்புப் பானையிலிருந்து 30,000 எடுத்தேன். வரி பிடிச்சது போக 22,000 பக்கம் வந்துச்சு. ரெண்டு அக்கவுண்டை அடைச்சேன். தப்பா அக்கா?

ஜோபர்க் ஐடிகாரன்

மதுரையிலிருந்து வந்து ஏழெட்டு வருஷம் ஆச்சு. எனக்கு ரிவியூன்னாலே கசப்பு. கோர்ட் உத்தரவு ஆன பிறகு சம்பளம் கூடிச்சு, வெளியே வரலாம்னு பார்த்தா நினைச்சபோது வர முடியலை. அக்கா, வீட்டு பாண்ட் முடிய இன்னும் பல வருஷம் இருக்குமே, உங்களுக்கு எப்படி சர்டிபிகேட் கிடைச்சுது?

சாட்ஸ்வொர்த் அக்கா

பீனிக்ஸ் தம்பி, பழைய காலமா இருந்தா தப்புன்னு திட்டியிருப்பேன். 20 சதவீதத்துக்கு மேல வட்டி ஓடுற கடனை அடைக்க எடுத்தா கணக்கு நிக்கும். ஆனா அந்த ரெண்டு அக்கவுண்டையும் மூடிட்டீங்களா? அடைச்சா மட்டும் போதாது, மூடச் சொல்லி எழுதிக் கொடுங்க. இல்லேன்னா டிசம்பரில் "உங்க லிமிட் கூடிடுச்சு"ன்னு மெசேஜ் வரும்.

ஜோபர்க் தம்பி, நீங்க சொல்றது நிஜம். சீக்கிரம் சம்பளம் கூடும்னு தெரிஞ்சவங்க கடன்காரர்கிட்டே நேரா பேசிப் பார்க்கிறதே மேல். உத்தரவு ஆயிட்டா கடனை அடைச்சுத்தான் வெளியே வரணும். எங்களை மாதிரி சம்பளம் கூட வழியில்லாத வீட்டுக்குத்தான் அது சரி. அதுவும் சம்மன் வர்றதுக்கு முன்னே போகணும், வழக்கு ஆரம்பிச்ச கடன் ரிவியூவுக்குள்ளே வராது. கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னே கடன்காரர் அனுப்புற 129 கடிதம் வந்தா பத்து வேலை நாள்தான், அலமாரியில் போட்டுடாதீங்க.

சர்டிபிகேட் விஷயம்: முன்னே பாண்ட் உட்பட எல்லாம் அடைஞ்சாத்தான் தருவாங்க. சட்டத்தைத் திருத்தின பிறகு மத்த கடன் எல்லாம் தீர்ந்து, பாண்டில் பாக்கி இல்லாம தவணை ஓடினாலே போதும். கடன் தீர்ந்த ஏழு நாளுக்குள் கவுன்சலர் கொடுக்கணும். அவர் மறந்துடுவார், நீங்க கேளுங்க. வருஷத்துக்கு ஒரு தரம் கிரெடிட் பீரோ ரிப்போர்ட் இலவசம், ஒவ்வொரு பீரோவிலும் எடுத்துப் பாருங்க. எங்களுக்கு ஒண்ணில் மட்டும் ரிவியூக் குறி அப்படியே நின்னுது. சர்டிபிகேட் நகலை நானே அனுப்பினதும் எடுத்துட்டாங்க.