பார்ஸ்லி எண்ணெய்: இலையா, விதையா?

போன டிசம்பரில் நடந்தது. கோத்தகிரியில் வீட்டிலேயே சோப்பு செய்து விற்கிறேன். எங்கள் மார்க்கெட்டில் பார்ஸ்லி கட்டுக்கட்டாக வரும். கொத்தமல்லி என்று நினைத்து வாங்கிப்போய் ரசத்தில் போட்டு முகம் சுளித்தவர்கள் உண்டு. எனக்கோ அந்த இலையைக் கசக்கினால் வரும் பச்சை வாசம் ரொம்பப் பிடிக்கும். சோப்பில் அது வரட்டுமே என்று கோயம்புத்தூர் கடை ஒன்றிலிருந்து 10 மில்லி பார்ஸ்லி எசென்ஷியல் ஆயில் வரவழைத்தேன்.

மூடியைத் திறந்தால் ஜாதிக்காய் வாசம், கூடவே பழைய மரப்பெட்டி வாசம். பச்சை இலை எங்கே போனதோ! மறுநாள் விடியற்காலையில் பார்த்தால் பாட்டிலின் அடியில் வெள்ளை வெள்ளையாக, ஊசி ஊசியாக ஏதோ உறைந்து கிடந்தது. மெழுகைக் கலந்துவிட்டான் என்றே முடிவு கட்டினேன். கடைக்காரருக்கு போன் போட்டுச் சத்தம் போட்டேன். அவர் அசரவில்லை. "அக்கா, பாட்டிலை உள்ளங்கையில பொத்தி வைங்க. அப்புறம் திட்டுங்க" என்றார்.

வைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஊசிகள் நுனியிலிருந்து மழுங்கி, எண்ணெயோடு எண்ணெயாகக் கரைந்து போயின.

அது அப்பியோலாம். விதை எண்ணெயில் அதிகம் இருக்கும் பொருள். தனியாகப் பிரித்தால் 30 டிகிரியை ஒட்டி உருகும், அதனால் குளிரில் உறைவது அதன் சுபாவம். நான் கேட்டது இலை எண்ணெய், கைக்கு வந்தது விதை எண்ணெய். லேபிளில் பெட்ரோசெலினம் கிரிஸ்பம் என்று தாவரப் பெயரெல்லாம் அழகாகப் போட்டிருந்தது. செடியின் எந்தப் பாகம் என்பது மட்டும் இல்லை. உங்களில் யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

*

ஆகாமல் என்ன அக்கா! மசாலா எண்ணெய் வடிக்கிற ஆலையில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். ஜாதிக்காய் வாசம் என்று சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். மிரிஸ்டிசின் என்ற பொருள் ஜாதிக்காய், பார்ஸ்லி இரண்டிலுமே உண்டு. ஆவியில் வடிக்கும்போது 100 கிலோ விதைக்கு 2 கிலோவிலிருந்து 7 கிலோ வரை எண்ணெய் கிடைக்கும். பச்சை இலையில் அரை கிலோகூடத் தேறாது. அப்படியிருக்க, மலிவாக வருகிற பாட்டிலில் எது இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சாஸ், சாசேஜ் மாதிரி சாமான்களிலும் சேர்ப்பார்கள், ரொம்பச் சொற்ப அளவில். ஒரு தடவை விதை எண்ணெய் சட்டைக் கையில் ஒரு சொட்டுப் பட்டுவிட்டது. இரண்டு நாள் ஊறவைத்துத் துவைத்தும் போகவில்லை, வீட்டில் திட்டு வாங்கினதுதான் மிச்சம்.

*

நான் நர்ஸ். மேலே அப்பியோல் என்று படித்ததும் இதைச் சொல்லியே ஆகவேண்டும் என்று தோன்றியது. என் நாத்தனாருக்கு மூன்றாம் மாதம். கால் வீக்கத்துக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, நல்லெண்ணெயில் பார்ஸ்லி எண்ணெயைக் கலந்து தேய்க்க எடுத்து வைத்திருந்தாள். பிடுங்கி வைத்துவிட்டேன். "கீரை மாதிரி தின்கிற இலைதானே அண்ணி?" என்று கோபித்துக்கொண்டாள். சாப்பாட்டில் தூவுகிற இலை வேறு, வடித்துச் செறிவாக்கிய எண்ணெய் வேறு. ஒரு காலத்தில் ஐரோப்பாவில் கருவைக் கலைக்கவே அப்பியோலை விழுங்கினார்கள். அந்த அளவில் அது ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், உயிரும் போயிருக்கிறது. 1930களின் தொடக்கத்தில் ட்ரைகிரெசைல் பாஸ்பேட் என்ற நச்சு ரசாயனம் கலந்த அப்பியோல் மாத்திரைகள் விற்பனைக்கு வந்து, விழுங்கிய பெண்களுக்குக் கை கால் விளங்காமல் போனது. அது கலப்படத்தின் வேலை. அப்பியோல் தனியாகச் செய்கிற கெடுதல் வேறு கணக்கு. ஆகவே கர்ப்பமாக இருக்கிறவர்கள் எண்ணெயைத் தொடவே வேண்டாம். மற்றவர்களும் உள்ளுக்குச் சாப்பிடாதீர்கள்.

சோப்பு அக்கா, அந்த பாட்டிலை என்ன செய்தீர்கள்?

*

சோப்பில் போடவில்லை அம்மா. என்னிடம் வாங்குகிறவர்களில் பிள்ளைத்தாய்ச்சிகளும் இருக்கிறார்கள், யாரிடம் போய் விசாரிப்பது? பேத்தியின் கைக்கு எட்டாத மேல்தட்டில் வைத்து, மேலே மார்க்கரால் 'விதை' என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டேன். இன்று காலையும் உறைந்துதான் இருந்தது.