ஆக்கிரமிப்புக் கால ஜேர்மனி: சனங்கள் என்ன சாப்பிட்டார்கள், யாருக்கு வாக்களித்தார்கள்?

கேள்வி: வெள்ளவத்தை ஆசிரியை

வணக்கம். உயர்தர மாணவருக்கு நவீன உலக வரலாறு கற்பிக்கிறேன். 1945 மே மாதம் ஜேர்மனி சரணடைந்ததையும், அமெரிக்கா, பிரித்தானியா, பிரான்ஸ், சோவியத் ஒன்றியம் ஆகியவை நாட்டை நான்கு வலயங்களாகப் பிரித்துக்கொண்டதையும் விளக்கிவிட்டுப் பனிப்போருக்குச் செல்ல முற்பட்டபோது ஒரு மாணவி, "அந்த வருடங்களில் சனங்கள் என்ன சாப்பிட்டார்கள்? தங்களை யார் ஆள வேண்டும் என்று அவர்களிடம் யாராவது கேட்டார்களா?" என்று வினவினாள். இரண்டையும் சேர்த்து விளக்க விரும்புகிறேன். அறிந்தவர்கள் உதவுங்கள்.

பதில்: கொட்டாஞ்சேனை வாசகர்

ஆசிரியை, உணவிலிருந்தே தொடங்குங்கள். அன்றைய அரசியலின் பெரும்பகுதி அதற்குள்தான் அடங்கியிருந்தது. போர்க்காலத்தில் ஜேர்மனிய வீடுகளில் பெரும் பட்டினி இருக்கவில்லை. கைப்பற்றிய நாடுகளின் தானியமும் இறைச்சியும் அங்கே வந்து குவிந்தன. உக்ரேனியரும் போலந்து மக்களும் கிரேக்கரும் அதற்காகப் பட்டினி கிடந்தார்கள். இதை மறைத்துவிட்டு 1945க்குப் பிந்திய பசியை மட்டும் மாணவருக்குச் சொல்வது நியாயமாகாது.

எங்கள் பாட்டன்மார் கண்ட கூப்பன் அரிசியைப் போலவே ஜேர்மனியரும் பங்கீட்டு அட்டையை நம்பி வாழ்ந்தார்கள். பேர்லினில் 1945இல் அந்த அட்டை ஐந்து தரங்களாக இருந்தது. பாரமான வேலை செய்வோருக்கும் பேர்பெற்ற கலைஞர், அறிஞர்களுக்கும் முதலாவது தரம். வீட்டைப் பார்க்கும் பெண்களுக்கும் வேலையற்றோருக்கும் முன்னாள் நாஜிக் கட்சியினருக்கும் ஐந்தாவது தரம். அந்தக் கடைசி அட்டையை மக்கள் மயான அட்டை என்றே அழைத்தார்கள். பிரித்தானிய வலயத்தில் 1946 மார்ச்சில் சாதாரண ஒருவரின் நாளாந்தப் பங்கு ஏறத்தாழ 1,000 கலோரிக்குக் குறைக்கப்பட்டது. நகரவாசிகள் வீட்டுப் பொருட்களைக் கிராமங்களுக்குச் சுமந்து சென்று உருளைக்கிழங்குக்கு மாற்றினார்கள். கறுப்புச் சந்தையில் அன்றைய நாணயமான ரைக்ஸ்மார்க்கை விட அமெரிக்கச் சிகரெட்டுக்கே மதிப்பு இருந்தது. கொலோன் பேராயர் கர்தினால் ஃபிரிங்ஸ் 1946 டிசம்பர் 31ஆம் திகதி ஆற்றிய மறையுரையில், உழைத்தோ கேட்டோ பெற முடியாத நிலையில் உயிரையும் உடல்நலத்தையும் காக்கத் தேவையானதை ஒருவர் எடுத்துக்கொள்ளலாம் என்றார். குளிர்காய நிலக்கரிப் புகையிரதங்களிலிருந்து கரியை எடுத்தவர்கள், அது தங்களுக்கே சொல்லப்பட்டதாக எடுத்துக்கொண்டார்கள்.

பதில்: தெஹிவளை, ஓய்வுபெற்ற அரச ஊழியர்

ஐயா, பசியைப் பற்றி நீங்கள் எழுதியது சரி. ஆனால் அரசியலை அதற்குள் அடக்கிவிட முடியாது. மாணவியின் இரண்டாவது கேள்விக்கு விடை, கேட்டார்கள் என்பதே. ஆனால் பதில் பிடிக்காத இடங்களில் தடுத்தும் விட்டார்கள். அமெரிக்க வலயத்தில் 1946 ஜனவரியிலேயே உள்ளூராட்சித் தேர்தல்கள் தொடங்கின. அதே ஆண்டு டிசம்பர் 1ஆம் திகதி ஹெஸ்ஸன் மாநில மக்கள் தங்கள் அரசியலமைப்புக்கு வாக்களித்தபோது, சுரங்கம், உருக்கு முதலிய தொழில்களைப் பொதுவுடைமையாக்கும் 41ஆவது உறுப்புரைக்கு மட்டும் தனி வாக்கெடுப்பு வேண்டும் என்று அமெரிக்க நிருவாகம் பணித்தது. ஏறத்தாழ 72 சதவீதத்தினர் அதையும் ஆதரித்தார்கள். பின்னர் அமெரிக்க வலய நிருவாகத்தின் ஜெனரல் கிளே அதன் அமுலாக்கத்தை நிறுத்திவைத்தார். சனநாயகத்தைக் கற்பிக்க வந்தவர்கள் மக்கள் தெளிவாக அளித்த தீர்ப்பை ஒதுக்கிவைத்தது பெரும் தவறு என்றே நான் கருதுகிறேன்.

நாஜி நீக்கத்தையும், அதாவது நாஜிகளாக இருந்தோரை விசாரித்துப் பதவிகளிலிருந்து அகற்றியதையும், சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவரின் கடந்தகாலத்தை அறிய அமெரிக்க வலயத்தில் கொடுத்த வினாப்பத்திரத்தில் 131 கேள்விகள் இருந்தன. 1946 மார்ச் சட்டத்தின்படி ஜேர்மனியரே நடத்திய விசாரணை மன்றங்கள் ஆட்களைக் குற்றப் பொறுப்பின் அளவுப்படி ஐந்து வகுப்புகளாகப் பிரித்தன. சிறிய பொறுப்புடையவர்களின் வழக்குகள் முதலில் முடிந்தன. பெரும் பொறுப்புடையவர்களின் வழக்குகள் தள்ளிப்போய், கண்டிப்புத் தளர்ந்த காலத்தில் பலர் இலேசாகத் தப்பினார்கள். கொல்லப்பட்ட யூதர்களின் உறவினருக்கு இது இழைத்த அநீதியைப் பாடத்தில் விட்டுவிடாதீர்கள்.

பதில்: மட்டக்குளி வாசகி

கிழக்கையும் பெண்களையும் இருவரும் விட்டுவிட்டீர்கள். சோவியத் படையான செஞ்சேனை நுழைந்தபோது பேர்லினிலும் பிற இடங்களிலும் பெருந்தொகையான பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். சோவியத் வலயத்தில் அதைப் பகிரங்கமாகப் பேச இடமிருக்கவில்லை. அங்கே 1946 ஏப்ரலில் சமூக சனநாயகக் கட்சி கொம்யூனிஸ்டுகளோடு இணைக்கப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் பேர்லின் முழுவதற்கும் நடந்த தேர்தலில் அந்த இணைந்த கட்சி 20 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. அந்த இணைப்பில் சேராமல் பேர்லினில் தனித்து நின்ற சமூக சனநாயகவாதிகள் ஏறத்தாழ 49 சதவீதம் பெற்றார்கள். போரில் ஆண்களை இழந்திருந்த அந்த நகரத்தில் வாக்களித்தவர்களில் பெண்களே அதிகம்.

கேள்வி: வெள்ளவத்தை ஆசிரியை

மூவருக்கும் நன்றி. 1948 நாணயச் சீர்திருத்தத்தோடு மேற்கில் கடைகள் ஒரே இரவில் நிரம்பியதாகச் சொல்லப்படுவது உண்மையா?

பதில்: கொட்டாஞ்சேனை வாசகர்

ஆம், ஆனால் வானத்திலிருந்து எதுவும் விழவில்லை. ஜூன் 20ஆம் திகதி ஆளுக்கு 40 புதிய மார்க் வழங்கப்பட்டது. பெறுமதியுள்ள பணம் வருமென்று காத்திருந்த வணிகர்கள் பதுக்கிய சரக்கை மறுநாள் வெளியே எடுத்தார்கள். வங்கியில் சேமித்திருந்த சாதாரண மக்களுக்கோ இறுதியில் 100 பழைய மார்க்குக்கு 6.50 புதிய மார்க்கே மிஞ்சியது. கட்டுப்பாடு நீங்கியதும் விலைகள் ஏறின. நவம்பர் 12ஆம் திகதி அமெரிக்க, பிரித்தானிய வலயங்களில் இலட்சக்கணக்கான தொழிலாளர் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.