மறு: மடக்கேரா – பழைய பாய்ப்படகுக் கையேட்டுக்கான சொற்கள்

> 'கீல்' என்றே எழுதிவிடலாமே, எதற்கு வம்பு?

பாய்ப்படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும், ஆங்கிலத்தில் keel எனப்படும் பகுதிக்கு நம் கையேட்டில் 'ஏரா' என்று எழுதலாம் என்பது என் முன்மொழிவு; அதற்கு வந்த கேள்விகளுக்குப் பதில் இது. வம்பே அந்தக் கீலில்தான் இருக்கிறது. தமிழில் ஏற்கெனவே இரண்டு கீல் உண்டு. ஒன்று மூட்டு, கதவுக் கீலும் கீல்வாதமும் அந்த வகை. இன்னொன்று மரக்கலத்துக்குப் பூசும் தார். நம் கையேடு பேசும் படகிலோ, அடியில் இருக்கும் கனத்த இரும்பு ஒரு கீலில்தான் ஆடுகிறது. "கீலின் கீல் தேய்ந்தால் கழற்றிக் கீல் பூசவும்" என்று எழுதினால் படிக்கிறவர் படகையே விற்றுவிடுவார். ஏரா என்ற சொல் அகராதியில் சும்மா கிடக்கிறது. இரண்டெழுத்து, வேறு எதோடும் குழம்பாது, முன்னால் எதை ஒட்டினாலும் ஒட்டிக்கொள்ளும்.

> அதே அகராதி 'அடிமரம்' என்றும் சொல்கிறதே?

சொல்கிறது, மரக்கப்பலுக்கு அது சரியும்கூட. அங்கே அது முதுகெலும்பு; வங்குகள் (மரக்கலத்தின் விலா மரங்கள்) எல்லாம் அதிலிருந்துதான் எழும். கண்ணாடியிழைப் படகில் அந்த வேலையை உடலே செய்துகொள்கிறது. கீழே இருப்பது தனியாக வார்த்து மாட்டிய இரும்போ ஈயமோ. பக்கவாட்டில் நழுவாமல் தடுக்கவும், சாய்ந்த படகை நிமிர்த்தவும் அது இருக்கிறது. "அடிமரம் மாற்றுவது எப்படி" என்று தலைப்பிட்டால் படகையே பிரித்துக் கட்டப் போவதாக நினைப்பார்கள். அடிமரத்தை மரக்கலத்துக்கே விட்டுவிடுவோம்.

அடுத்தது, மேலே மடங்கும் வகை. 'ஊஞ்சல் ஏரா' என்ற முன்மொழிவு எனக்குப் பிடிக்கவில்லை. ஊஞ்சல் இரண்டு பக்கமும் ஆடும். இது மடக்குக் கத்தி மாதிரி ஒரு முனையில் மாட்டி, பின்னோக்கி மேலேறிப் படகடியில் உள்ள கூட்டுக்குள் அடங்குவது. எனவே மடக்கேரா. அது மடங்கும் அச்சாணிக்கு 'ஏரா அச்சு' போதும். மடக்காமல் நேராக மேலே இழுப்பதைத் தூக்கேரா என்று பிரித்துக்கொள்ளலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நடுப்பலகையும் (பக்கவாட்டில் நழுவாமல் தடுக்க மட்டும் நடுவில் இறக்கும் பலகை) இப்படித்தான் மடங்கும், ஆனால் அதை மடக்கேரா என்று எழுதக்கூடாது. படகை நிமிர்த்தி வைக்கும் கனமான அடிப்பாரத்தை அது சுமக்கிறதா என்பதுதான் கேள்வி; சுமந்தால்தான் மடக்கேரா. 1970-களில் பரவலாக ஓடிய கேட்டலினா 22 படகின் மடக்கேரா சுமார் 250 கிலோ வார்ப்பிரும்பு. இறக்கினால் மூழ்காழம் (நீர்மட்டத்துக்குக் கீழே படகு இறங்கும் ஆழம்) 5 அடி, ஏற்றினால் 2 அடி. அந்தக் கனத்தை இழுத்துப் பிடிப்பது ஒற்றைக் கம்பிவடம். அது அறுந்தால் ஏரா விழுகிற வேகத்தில் கூட்டையே பிளந்துவிடலாம். கனமில்லாத பலகைக்கு இந்தப் பயம் கிடையாது. பெயரை மாற்றி எழுதினால் படிக்கிறவர் வடத்தைப் பார்க்காமலே விட்டுவிடுவார்.

> 'மாற்றுதல்' ஒன்றே போதாதா?

போதாது. நாம் அதிகம் அடித்துக்கொள்ள வேண்டிய இடம் இதுதான். தேய்ந்த மடக்கேராவைக் கழற்றி அதே வகையில் புதியதைப் போடுவது ஒரு வேலை. அச்சு உட்காரும் துளை நாள்பட முட்டை வடிவமாகிவிடும்; நங்கூரமிட்ட படகு லேசாக உருளும்போதெல்லாம் ஏரா பக்கத்துக்குப் பக்கம் 'டொக் டொக்' என்று தட்டும். துளையை அகட்டிப் புதுக் குழல் இறக்கி, துருவை வெள்ளை இரும்பு தெரியும்வரை மணல்வீச்சில் உரித்து, உடனே எபாக்சிப் பிசின் பூச வேண்டும். படகின் கணக்கு எதுவும் மாறாது. இதை ஏரா மாற்று என்போம்.

மடக்கேராவை எடுத்துவிட்டு, கூட்டை அடைத்து, நிலையான ஏராவைப் பூட்டுவது வேறு வேலை. அச்சையும் கூட்டின் சுவர்களையும் நம்பித் தொங்கிய கனம் இப்போது மரையாணிகள் வழியாக அடித்தளத்தில் ஏறுகிறது. படகு சாயும்போதெல்லாம் அந்த இணைப்பைப் பிடித்து நெம்புகிறது. அதைத் தாங்கும்படி அந்த உடல் வார்க்கப்பட்டிருக்காது. உள்ளே குறுக்குத்தாங்கிகள் வைத்து, பாரத்தைப் பரப்பித்தான் பூட்ட வேண்டும். ஏராவை முன்பின் நகர்த்தினால் பக்கத்தடை மையமும் (பக்கவாட்டு நழுவலை நீர் தடுக்கும் விசையின் நடுப்புள்ளி) நகரும். முன்னே போனால் அணியம் (படகின் முன்முனை) காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும், பின்னே போனால் காற்றுக்கு விலகி ஓடும், சுக்கான் பிடிக்கிறவர் கைதான் வலிக்கும். ஆழமற்ற கரையில் ஒதுங்குவதும் வண்டியில் தாழ்வாக ஏற்றுவதும் போயே போச்சு. கேட்டலினா 22-க்கே நிலையேரா வகையும் இருந்தது, மூழ்காழம் மூன்றரை அடி. தொழிற்சாலையிலேயே அதற்கென்று வார்த்த படகும், கொல்லையில் நாமே மாற்றிய படகும் ஒன்றல்ல. இந்த வேலைக்கு 'ஏரா வகைமாற்றம்' என்று தனிச்சொல் வேண்டும். என்னைக் கேட்டால் பெரும்பாலான பழைய படகுகளுக்கு முதலாவதே போதும், வகைமாற்றம் அவற்றுக்குத் தகாது. அதையும் கையேட்டில் எழுதலாம் என்பது என் கருத்து.

மற்றவை சுருக்கமாக. ஏராவின் அடியில் கூடுதல் கனமாக வைக்கும் பகுதி 'குமிழ்'. மறுப்பு வராது என்று நினைக்கிறேன். 1983-இல் அமெரிக்கக் கோப்பை என்ற பாய்ப்படகுப் பந்தயத்தை வென்ற ஆஸ்திரேலியா 2 படகினுடையது சிறகேரா, அதாவது அடியில் சிறகுகள் நீட்டிய ஏரா. படகின் அடியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இருந்து, நீர் வற்றினாலும் படகை நிமிர்ந்து நிற்க வைப்பது இரட்டையேரா.

> ஒல்லியான தனி ஏராவுக்குத் 'துடுப்பேரா'?

மீனுக்குப் பொருந்தும், படகில் பொருந்தாது. படகில் துடுப்பு என்றால் வலிக்கும் துடுப்புதான். "துடுப்பேரா உடைந்தது" என்றால் பாதிப்பேர் துடுப்பைத் தேடுவார்கள். செட்டை என்றாலும் மீனுக்குச் சொல்வதுதான், படகில் வேறு வேலை இல்லாத சொல். செட்டையேரா என்று வைத்திருக்கிறேன். வாயில் கொஞ்சம் தட்டுகிறது, ஒப்புக்கொள்கிறேன். இதைவிட நல்லதாக யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். மற்ற சொற்களுக்கு மறுப்பு வராவிட்டால் அப்படியே பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.