ஸ்டே கம்பி வெட்ட கிரைண்டரா, கட்டரா?

ஆண்டெனா_கிறுக்கன்:
60 அடி ரேடியோ டவருக்கு ஸ்டே, அதாவது டவர் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் கம்பி, கட்டப் போகிறேன். கால் அங்குல ஈஎச்எஸ் (மிக அதிக வலிமையுள்ள எஃகு) கம்பி, ஏழு இழை. நடுநடுவே கம்பியைத் துண்டாக்கிக் கோர்க்கும் முட்டை இன்சுலேட்டர் (மின்சாரம் கடத்தாத முட்டை வடிவத் துண்டு) வருவதால் வெட்டு எப்படியும் இருபதைத் தாண்டும். போல்ட் கட்டரை வைத்து ஒரு முனையை வெட்டிப் பார்த்தேன், அதன் வாயிலேயே பள்ளம் விழுந்துவிட்டது, கம்பி துடைப்பம் மாதிரி விரிந்துகொண்டது. என்ன வாங்கலாம்?

துரு_மனிதன்:
எதையும் வாங்காதீர்கள். ஆங்கிள் கிரைண்டரில் 1 மிமீ வெட்டு டிஸ்க் மாட்டுங்கள், வெட்டும் இடத்தில் டேப்பை இறுகச் சுற்றி அதன் நடுவே வெட்டுங்கள். சில வினாடி வேலை.

வெட்டுவாய்:
சில வினாடியில் முனையில் இருக்கிற துத்தநாகப் பூச்சும் கருகிப் போகும், அதைச் சொல்லவில்லையே? ஒயர் ரோப் கட்டர்தான் இதற்கென்றே செய்தது. அதன் வாய் கம்பியைச் சுற்றிலும் கவ்விக்கொள்வதால் இழைகள் நசுங்கி விலக இடமே இருக்காது. ஃபெல்கோ கம்பெனி கட்டர் மாதிரி வாங்கும்போது விட்டத்தை மட்டும் பார்க்காதீர்கள். மெல்லிய இழைகள் நிறைய உள்ள ரோப்பை வெட்டும் அளவும் ஏழே ஏழு தடித்த இழை உள்ள கம்பியை வெட்டும் அளவும் வேறு வேறு.

துரு_மனிதன்:
ஒரு டவருக்காக அவ்வளவு செலவா? கருகுவது நுனியில் கொஞ்சம்தான், துத்தநாக பெயின்டைத் தொட்டு வைத்தால் முடிந்தது. கம்பி எவ்வளவு கடினம் என்று டிஸ்க் கேட்பதில்லை, உங்கள் கட்டர் கேட்கும்.

பொறுமைசாலி:
ஹேக்ஸாவை யாருமே சொல்லவில்லை. ஒவ்வொரு இழையும் சுமார் 2 மிமீதான், அதனால் அங்குலத்துக்கு 32 பல் உள்ள பிளேடு வேண்டும், 18 பல் போட்டால் இழையில் மாட்டிப் பல் உடையும். வைஸில் பிடித்து அறுத்தால் முனை சுத்தமாக வரும். இருபது வெட்டுக்குக் கை வலிக்கும்தான், மறுக்கவில்லை.

பழைய_டவர்:
புதுக் கம்பிக்கு எதுவும் சரி. நான் பழைய டவரைக் கழற்றும்போது ஆங்கர் (கம்பியைத் தரையில் பிணைக்கும் இடம்) பக்கத்திலேயே கிரைண்டரால் ஒரே வெட்டு, இதுவரை ஒன்றும் ஆனதில்லை.

வெட்டுவாய்:
இழுவிசையோடு இருக்கும் கம்பியையா? அண்ணே, கால் அங்குல ஈஎச்எஸ் அறுபட ஏறக்குறைய 3000 கிலோ வேண்டும், ஆரம்ப இழுவிசை அதில் பத்தில் ஒரு பங்கு வைப்பது வழக்கம். அந்த 300 கிலோ ஒரே நொடியில் விடுபட்டால் கம்பி எந்தப் பக்கம் சுழன்று வரும் என்று யாருக்குத் தெரியும், டவர் எதிர்ப்பக்கம் சாய்வது தனி. தற்காலிக ஸ்டே போட்டு, டர்ன்பக்கிளை (கம்பியை முறுக்கி இறுக்கும் திருகு) தளர்த்தி, கம்பி தொங்கிய பிறகு வெட்டுங்கள்.

துரு_மனிதன்:
இந்த ஒரு விஷயத்தில் நான் வெட்டுவாய் பக்கம். டவர் மேலே ஏறியும் கிரைண்டர் வேண்டாம், உங்களைத் தாங்கும் பாதுகாப்பு பெல்ட்டில் பட்டால் கதை முடிந்தது.

ஆண்டெனா_கிறுக்கன்:
என் வெட்டு எல்லாம் தரையில்தான். அப்படியானால் டேப்பும் கிரைண்டரும். பாதுகாப்புக் கண்ணாடி இருக்கிறது, பெயின்ட் மட்டும் வாங்க வேண்டும்.

வெட்டுவாய்:
டேப்பை முனையிலிருந்து உரிக்காமல் அப்படியே விடுங்கள், முட்டையின் துளையில் நுழைக்கும்போது என்னை நினைப்பீர்கள்.